சுவர் விழுந்த மத்தியானம்

ஆபத்து வந்தால் நான் எப்படி நடந்துகொள்வேன் என்பது ஏழாம் வகுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெருவுக்கும் தெரிந்துபோனதுதான் சங்கடம்.

2005ஆம் வருஷத்து அடைமழை. ஸ்கூல் லீவு. அப்பா விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வேலைக்குப் போயிருந்தார். அம்மா ரேஷன் கடைக்கு. வீட்டில் நானும் அத்தையும் மட்டும். அத்தை அப்பாவின் தங்கை. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்ததிலிருந்து நடுத்தூண் ஓரமாகக் கட்டிலோடு கிடந்தாள்.

நாள்கணக்கில் ஊறிப்போன மண்சுவர்மேல் எனக்குச் சந்தேகம். அத்தைக்கு இல்லை. கட்டியவர் அவளுடைய தாத்தாவாயிற்றே! முதலில் வேப்பந்தூண்களை நட்டு, உத்திரம் ஏற்றி, பனஞ்சட்டம் பரப்பி, ஓடும் போட்ட பிறகுதான் இடையில் சுவர் வைத்தாராம்.

"செவுரு சும்மா மறைப்புக்குத்தான் மருமவனே. அது வுழுந்தாலும் வூடு நிக்கும்" என்பாள்.

டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்குச் சுவர் ஒருமுறை பெருமூச்சு விட்டது. அப்படியே வெளிப்பக்கமாகச் சரிந்தது. அத்தையின் பெருமையும் அதோடு போயிற்று.

"டேய், என்னயும் இழுத்துக்கினு போடா!"

கேட்டது. நன்றாகவே கேட்டது. நான் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தேன். தெருமுனை டீக்கடையில் போய்த்தான் நின்றேன்.

"வூடு வுழுந்துடுச்சு!"

டீக்கடைக்காரர் என் கையைப் பார்த்தார். "ரிமோட்ட பத்திரமா எடுத்தாந்திருக்கிற. ஒங்க அத்த எங்கடா?"

அந்த ரிமோட்டாலேயே வீட்டுப் பக்கம் காட்டினேன்.

எல்லோரும் ஓடினார்கள். சட்டை கழற்றிய ஆள்போல வீடு நின்றுகொண்டிருந்தது. ஒரு தூண்கூட அசையவில்லை. ஓடு ஒன்றுகூட நழுவவில்லை. அத்தைதான் கட்டிலில் இல்லை. கீழே விழுந்து, முழங்கையாலேயே ஊர்ந்து, நிலைப்படி வரை வந்து கிடந்தாள். இரண்டு முழங்கையிலும் தோல் இல்லை.

சாயங்காலம் அப்பா பெல்ட்டை உருவினார்.

"புள்ளய அடிக்காத அண்ணே. நாந்தான் ஓடிப்போயி ஆள கூட்டியாரச் சொன்னேன்" என்றாள் அத்தை, என்னைப் பார்க்காமல்.

அடிக்குத் தப்பித்த சந்தோஷத்தில், அவள் நிஜமாகவே அப்படிச் சொன்னதாக நானே நம்பத் தொடங்கிவிட்டேன். கூடப் படித்தவர்களிடம், ஆள் கூப்பிட நான் ஓடிய வேகத்தைப் பற்றிப் பீற்றிக்கொண்டும் திரிந்தேன்.

மழை விட்டதும் சுவரை மறுபடி எழுப்பினார்கள். கட்டிலை வாசலோரம் போடச் சொல்லி அத்தை பிடிவாதம் பிடித்தாள். அப்பா ஒரு பக்கம் பிடிக்க, நானே மறுபக்கம் பிடித்து நகர்த்தினேன். அவ்வளவு பெருமை பேசினவளுக்கு வீட்டின்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.