நீங்க காட்பாடிப் பக்கமா?

நான் வாயைத் திறந்தால் போதும், எதிரே இருப்பவர்கள் என் ஊரைக் கண்டுபிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். பெங்களூர் ஹெப்பகோடியில் கீரை விற்கிற கன்னடக்காரம்மா, தமிழ்நாட்டிலிருந்து வந்து எத்தனை வருஷம் ஆச்சு என்று கேட்பாள். நான் பிறந்ததே இந்த மாநிலத்தில்தான். வேலூரில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரி, "நீங்க தெலுங்கா? தமிழ் நல்லாவே பேசுறீங்களே!" என்று மெச்சிக்கொண்டாள். பஸ்ஸில் பார்ப்பவர்களுக்கு நான் ஓசூர். எல்லாருக்கும் தலையை ஆட்டிவிடுவேன். சின்னதிலிருந்தே எனக்குக் கூச்சம். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

ஆனால் கூச்சம் மட்டும் இல்லை. நாங்கள் கோலார் தங்கவயல். தாத்தா காலத்தில் வடாற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த ஜனம். ஒரே கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டிக் கட்டின ஒற்றை அறை வீடுகளில் இருந்தோம். அதற்கு லைன் என்று பேர். தங்கவயல் லைன் என்று சொன்னால், விஷயம் தெரிந்தவர்களுக்கு எங்கள் ஜாதியும் தெரிந்துவிடும். அதனால் யாராவது ஊரைத் தப்பாகச் சொன்னால் எனக்கு நிம்மதிதான்.

சுரங்கத்தை மூடினபிறகு பெங்களூருக்கு வந்தோம். வீட்டுக்காரர் வாட்ச்மேனாக இருந்தார். பாறைத் தூசி நெஞ்சில் தங்கிப்போனதால் அதுவும் முடியாமல் படுத்துவிட்டார். நான் வீடுகளில் கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்தேன். முழங்கால் போய்விட்டது, குந்த முடியவில்லை. அப்போதுதான் ஒரு பெரிய அப்பார்ட்மெண்டில் சமையல் வேலை கிடைத்தது. நின்றுகொண்டே செய்யலாம். அவருக்கு மூச்சு இழுக்கிற பம்ப்பு மருந்து அந்தச் சம்பளத்தில்தான். வேலை போனால் மருந்தும் போச்சு என்று எனக்கு முதல் நாளே தெரியும்.

அந்த வீட்டம்மா தமிழ்தான். நான் பேசின இரண்டு வார்த்தையைக் கேட்டுவிட்டு, "நீங்க காட்பாடிப் பக்கமா? பேச்சுலயே தெரியுதே. அங்க எங்க சம்பந்தி வீட்டு ஜனம் இருக்காங்க. ரொம்ப சுத்தமானவங்க" என்றார்.

"ஆமாம்மா" என்றேன். அந்த ஒரு சொல்லில் மூன்று வருஷம் ஓடியது. சமையலறை மாடத்தில் சாமி படத்துக்கு விளக்குக்கூட நானே ஏற்றினேன்.

அப்புறம் அந்த அம்மாவின் மச்சாண்டார், அதாவது புருஷனின் அண்ணன், சென்னையிலிருந்து வந்தார். ரிட்டயர் ஆன பெரியவர். நல்ல மனுஷன், காபி கொடுத்தால் நன்றி சொல்வார். வந்த அன்றே, "ஏம்மா, உன் பேச்சை எங்கயோ கேட்டாப்பல இருக்கே?" என்றார்.

"காட்பாடி, மாமா" என்று அம்மா முந்திக்கொண்டார்.

"இல்லையே. காட்பாடி இழுவை இப்படி இருக்காதே."

நான் அன்றோடு அவர் எதிரில் பேசுவதை நிறுத்தினேன். சாதம் வேண்டுமா என்று கையால் கேட்டேன். அவர் சின்ன வயதில் தங்கவயல் சுரங்க ஆபீசில் வேலை பார்த்தவர் என்று சாப்பாட்டு மேசைப் பேச்சில் காதில் விழுந்தது. ரசக் கரண்டி கையில் கனத்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சுரங்கத்தின் அடியில் சில சமயம் பாறை தானாகவே வெடிக்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். மேலே லைனில் தரை அதிரும், பலகையில் இருக்கிற தட்டெல்லாம் கிலுகிலுவென்று ஆடும். உடனே பொம்பளைகள் அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பு போடாமல், தாலியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்ட் வாசலுக்குப் போவார்கள். பேச மாட்டார்கள், அழ மாட்டார்கள். ஆட்களை ஏற்றிவரும் இரும்புக் கூண்டு மேலே வந்து கதவு திறக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். யார் முகம் வருகிறது, யார் முகம் வரவில்லை. என் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் ஒரு தடவை நின்றேன். கூண்டு வந்து வந்து போனது. அப்பா முகம் வரவே இல்லை.

கல்யாணமான பிறகு வீட்டுக்காரருக்காக எத்தனை தடவை நின்றேன் என்று கணக்கு வைக்கவில்லை.

அந்த அப்பார்ட்மெண்டுக்குப் பக்கத்து மனையில் புதுக் கட்டடத்துக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அடியில் பாறை. ஒருநாள் காலையில் வெடி வைத்தார்கள். சாம்பார் கொதிக்கிறது, நான் கொத்தமல்லி ஆய்கிறேன். தரை அதிர்ந்தது. ஸ்டாண்டில் தட்டுகள் கிலுகிலுவென்று ஆடின.

அதற்கப்புறம் நடந்ததை நான் நினைத்துச் செய்யவில்லை. ஸ்டவ்வை அணைத்தது ஞாபகம் இருக்கிறது. ஆறாவது மாடி நடையில் வெறுங்காலோடு, தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, லிஃப்ட் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். லிஃப்ட் மேலே வருகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. வாக்கிங் போயிருந்த பெரியவர் உள்ளே நின்றிருந்தார்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ஏர் பிளாஸ்ட்டுன்னு ஓடி வந்துட்டியாம்மா! நீ நம்ம தங்கவயல் ஆளு! எனக்கு அப்பவே தோணுச்சு. எந்த லைனு?"

தாலியை ரவிக்கைக்குள் தள்ளினேன். அதற்குள் அவர் வீட்டுக்குள் போய்விட்டார். "நீங்க எல்லாரும் தப்பா சொன்னீங்க, நான்தான் கரெக்டு" என்கிற மாதிரி ஒரு சந்தோஷம் அவர் குரலில். "காட்பாடியும் இல்ல, கீட்பாடியும் இல்ல. இது சுரங்கத்து லைன் பொண்ணு. பாவம், அந்தக் காலத்துல இவங்க ஜனம் பட்ட பாடு கொஞ்சமா!"

என் ஊரைச் சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். மனசார இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

நான் உள்ளே போய் சாம்பாரைத் திரும்பக் கொதிக்க வைத்தேன். அன்றைக்கு அம்மாவுக்குப் பசிக்கவில்லை.

மறுநாள் போனபோது, முந்தின நாள் நான் ஆட்டி வைத்த இட்லி மாவு சிங்க்கில் கொட்டிக் கிடந்தது. பாதி ஓடி, பாதி ஒட்டிக்கொண்டு. மாடத்தில் விளக்கைக் காணோம்.

"நீ சொல்லியிருக்கலாமே" என்றார் அம்மா. அதுவரைக்கும் நீங்க என்றுதான் கூப்பிடுவார். "எனக்கு ஜாதி கீதியெல்லாம் ஒண்ணும் கிடையாது. பொய் சொல்லிட்டியே, அதுதான் வருத்தம்."

நீங்கதானேம்மா காட்பாடின்னு சொன்னீங்க என்று கேட்டிருக்க வேண்டும். வழக்கம்போலத் தலையை ஆட்டினேன்.

"சமையலுக்கு வேற ஆள் சொல்லியாச்சு. பாத்ரூம் வேலைக்கு வேணும்னா நீயே இரு."

முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். "அப்ப உன் இஷ்டம்" என்றார். பெரியவர் பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் போகும்போது, "போயிட்டு வர்றியாம்மா?" என்று சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "லிஃப்டுல நானா வரப்போறேன்? நான் மேல வந்து எத்தினி வருசமாச்சி, இன்னும் எனக்காவ நின்னுகினு கீறியே" என்றார். சிரிப்பு இருமலாக மாறி நிற்கவே இல்லை. பம்ப்பை எடுத்துக் கொடுத்தேன். குலுக்கிப் பார்த்தேன், லேசாக இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து நாள் விட்டு நாள் இழுத்தார்.

அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. தாலி இப்போது கழுத்தில் இல்லை. ஆனாலும் எங்கேயாவது தட்டு ஆடினால் கை நெஞ்சுக்குப் போகிறது.

இப்போது இன்னொரு வீட்டில் சமைக்கிறேன். என் பேச்சைக் கேட்டு, "சித்தூர்தானே நீங்க?" என்றார்கள். ஆமாம் என்றேன். ஆனால் முதல் நாள் அந்த வீட்டுப் படி ஏறுவதற்கு முன்னால், கட்டடத்தை ஒரு சுற்று சுற்றிவந்து, பக்கத்தில் காலி மனை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். பின்பக்கம் ஒன்று இருக்கிறது. இப்போதைக்கு வெறும் புல்தான்.