பாறசாலை சந்திப்பில் இல்லாத தென்னை

போன வியாழக்கிழமை வரை என் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு தென்னை மரம் நின்றது. பேனாவும் நீர்வண்ணமுமாக நானே வரைந்த பாறசாலை சந்திப்பின் படத்தில், இடது ஓரமாக, லேசாகச் சாய்ந்து நிற்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்த மரத்தைத்தான் பாராட்டுவார்கள். அங்கே அப்படி ஒரு மரம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று, அதே சந்திப்பில் தினமும் பஸ் ஏறுகிறவர்கள்கூடச் சொன்னதில்லை. ஆறு வருடம் அதைச் சுவரில் வைத்திருந்த நானும் சொன்னதில்லை. வியாழக்கிழமை காலை எங்கள் பழைய ஓவியக் கூட்டத்தின் செயலாளர் கூப்பிட்டார். கூட்டத்தை நடத்திவந்த சூப்பிரண்டு காலமாகி ஒரு மாதம் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாசகசாலையில் நினைவுக் கூட்டம், ஆறு வருடத்துக்கு முன்னால் கண்காட்சியில் மாட்டிய படங்களையே மறுபடியும் மாட்டுகிறோம் என்றார். "உமக்க தென்னமரம் கட்டாயம் வேணும் கேட்டீரா. அவரப் பத்தி நல்லதா நாலு வரியும் எழுதிக் கொண்டு வாரும்."

நல்லதாக ஒரு வரி என்னிடம் உண்டு. சூப்பிரண்டுக்கு வரையத் தெரியும். ஈரத் தாளில் தூரிகையை ஒரு முறை இழுத்தால் மழைக்கு முந்திய வானம் அப்படியே வந்து உட்காரும். நானெல்லாம் அதே வானத்தை ஏழு முறை இழுத்துச் சாக்கடையாக்குவேன். மீதி மூன்று வரிகள்தான் கிடைக்கவில்லை. தாத்தா காலத்திலிருந்து சர்க்கார் கச்சேரியில் எழுத்து வேலை பார்த்த குடும்பம் அவருடையது. சூப்பிரண்டாக ஓய்வு பெற்ற பிறகும் அவர் உலகத்தை ஒரு கோப்பாகத்தான் பார்த்தார்: முறையாக இல்லாததை அடித்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு நாங்கள் பதினொரு பேரும் சந்திப்பில் மடக்கு ஸ்டூல்களை விரித்ததும், பள்ளிக்கூடப் பிரார்த்தனை போல ஒரு விதியைச் சொல்லுவார். "கண்ணு முன்னால உள்ளத வரையணும். இல்லாதத சேக்கப்பிடாது, உள்ளத விடப்பிடாது. தெருவ தெருவா வரையணும் ஓய்." நாங்களும் பயபக்தியோடு தலையாட்டுவோம். ஒரு பேனா இருந்தால் போதும் என்று கேள்விப்பட்டு வந்த கூட்டம், ஒரே வருடத்தில் ஆளுக்கொரு வெயில் தொப்பி, பத்துப் பை வைத்த அங்கி என்று யுத்தத்துக்குப் புறப்பட்டது போல் ஆகியிருந்தது. படங்கள் மட்டும் அப்படியே இருந்தன. சாயம் காய்வதற்குள் கைபேசியில் படம் பிடித்து, ஒருவருக்கொருவர் 'அபாரம்' என்று எழுதிக்கொள்வோம். தனுவச்சபுரத்தில் பாடம் நடத்திய ஒரு பேராசிரியர், தலைகீழாக வந்த படத்துக்கும் 'அபாரம்' போட்டிருக்கிறார்.

நாங்கள் உட்காரும் இடத்துக்கு எதிரே, மின்கம்பத்தின் அடியில், சிவப்பும் மஞ்சளுமான பெரிய குடையை விரித்து லாட்டரிச் சீட்டு விற்கும் அக்கா ஒருத்தி இருந்தாள். லாட்டரிக்குத் தடையுள்ள தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டி பஸ் பிடித்து வந்து சீட்டு வாங்குகிறவர்களுக்கு அந்தக் குடைதான் அடையாளம். தூரிகை கழுவ எங்களுக்குத் தண்ணீர் தந்ததும் அவள்தான். பிளாஸ்டிக் குப்பிகளைப் பிளேடால் பாதியாக அறுத்து, பதினொரு பேருக்கும் கிண்ணம் செய்து வைத்திருந்தாள். குறுக்கே ஆட்டோவைக் கொண்டு நிறுத்தினால் நாங்கள் வாயைத் திறக்க வேண்டாம். "எலே, வண்டிய அங்கோட்டு நீக்கு. சாருமாரு படம் வரையுதாவல்லா, கண்ணு தெரியல்லியா?" என்று அவளே விரட்டுவாள். வாசகசாலையில் எங்கள் படங்களைக் கண்காட்சியாக மாட்டப்போகிற செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை, என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"சாரே, படத்துல நான் உண்டா?"

"உண்டு."

"உறப்பா உண்டா?"

"உண்டும்மா. குடையும் உண்டு, நீயும் உண்டு."

அவளுடைய கணவனின் அக்காள் அம்பூரியில் ரப்பர்த் தோட்டக்காரி. தம்பி பெண்டாட்டி பாறசாலை ரோட்டில் உட்கார்ந்து பிச்சை எடுக்கிறாள் என்று, கல்யாண வீடு சாவு வீடு பாராமல் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். "மைனிய அண்ணைக்கு கூட்டிட்டு வாறேன் சாரே. வாசகசாலைச் சுவருல நாலு பேரு முன்னால பாக்கட்டு, இது பிச்சையில்ல, கடையாக்கும்னு."

நான் அவளை வரைந்திருந்தேன் என்பது பொய்யில்லை. மனிதக் கை எனக்கு எப்போதும் வாழைச்சீப்பாகத்தான் வரும். அன்று என்ன புண்ணியமோ, சீட்டுக் கட்டைப் பெருவிரலால் பிரிக்கிற அவள் கை நான்கே கோட்டில் விழுந்துவிட்டது. என் வாழ்நாளில் நான் வரைந்த ஒரே உருப்படியான கை அது. கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சூப்பிரண்டு எல்லாப் படங்களையும் தன் வீட்டு மேசையில் பரப்பிப் பரிசோதித்தார். ஒவ்வொன்றிலும் அந்தக் குடை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்ன ஓய் இது, கண்ணக் குத்துது. வெளியூருக்காரன் பாத்தா நம்ம ஊரு லாட்டரிச் சீட்டுல ஓடுதுண்ணு நினைப்பான். ஊருக்கு ஒரு லட்சணம் வேண்டாமா?" நாங்கள் யாராவது அந்த விதியை நினைவுபடுத்தினோமா? இல்லை. "போஸ்டத் தென்னமரம் ஆக்கும். கம்பியெல்லாம் ஓலையாப் போவும். அடியில கொஞ்சம் பச்சையப் போட்டு மூடும்" என்றார். கெட்டி வெள்ளைச் சாயக் குழாய் கைமாறி என்னிடம் வந்தபோது நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "உமக்க படத்த வாசலுக்கு நேரே மாட்டலாம்ணு ஒரு யோசனை உண்டு" என்றார். அவ்வளவுதான். பூமியில் எத்தனையோ பேர் எத்தனையோ பெரிய விலைக்குத் தங்களை விற்றிருக்கிறார்கள். நான் வாசலுக்கு நேரே ஓர் ஆணிக்கு விற்றேன். அந்தக் கையின் மேல் வெள்ளையைப் பூசும்போது தூரிகை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. மரம் மிக அழகாக வந்தது.

கண்காட்சி அன்று அவள் கடையைச் சாத்திவிட்டு, கஞ்சி போட்டுத் தேய்த்த கரைச்சேலையில் வந்தாள். பின்னால் மைனி, தங்க வளையல்களும் ஒரு நீளக் குடையுமாக. வாசலுக்கு நேரே என் படம். அக்கா அதன் முன்னால் நின்றாள், விலகி அடுத்ததைப் பார்த்தாள், அதற்கடுத்ததை. பதினொரு படத்தையும் பார்த்து முடித்து மறுபடியும் என் படத்துக்கே வந்தாள். சூப்பிரண்டு மைக்கில் 'உள்ளதை உள்ளபடி வரைதல்' என்று பேசிக்கொண்டிருந்தார்.

"எட்டீ, நீ எப்பம் தென்னமரம் ஆன?" என்றாள் மைனி, நான்கு பேருக்கு அல்ல, நாற்பது பேருக்குக் கேட்கும்படி.

சிரிப்பு எழுந்தது. எங்கள் கூட்டமும் சிரித்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தே சொன்னாள்: "பதினோரு தென்னமரம் நிக்குது மைனி. ஒண்ணுலயாவது ஒரு தேங்கா உண்டாண்ணு பாரும். காயாத மரமாக்கும் எல்லாம்." பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மைனிக்கு முன்னால் வெளியே நடந்தாள். நான் பலகாரத் தட்டின் பக்கம் திரும்பிக்கொண்டேன். உளுந்து வடை அன்று நன்றாக இருந்தது என்பதும் நினைவிருக்கிறது.

அடுத்த ஞாயிறு எங்களுக்குத் தண்ணீர் இல்லை. குப்பிகளை அவள் பழைய சாமான் எடுக்கும் ஆக்கர்காரனுக்குப் போட்டுவிட்டிருந்தாள். ஆட்டோக்கள் வரிசையாக எங்கள் மூக்குக்கு முன்னால் வந்து நின்றன, யாரும் விரட்டவில்லை. "இந்த ஜனங்களுக்கு ரசனையில்ல ஓய்" என்று சூப்பிரண்டு கூட்டத்தைக் குளக்கரைக்கு மாற்றினார். அங்கே தென்னைகள் நிஜமாகவே இருந்தன. பாதிப் பேருக்கு அவை சரியாக வரவில்லை.

வியாழக்கிழமை செயலாளரின் அழைப்பு முடிந்ததும் படத்தை ஆணியிலிருந்து இறக்கிச் சட்டத்தைக் கழற்றினேன். கெட்டி வெள்ளை எவ்வளவு காய்ந்தாலும் ஈரம் பட்டால் இளகும். பேனா மையோ ஒரு முறை காய்ந்தால் அசையாது. பத்து நிமிட வேலை. இந்தப் பத்து நிமிடம் ஆறு வருடமும் என்னிடம் இருந்தது. ஈரத் தூரிகையால் தடவத் தடவ மரம் கரைந்து வழிந்தது. குடையின் சிவப்பும் கூடவே போயிற்று. கோடுகள் நின்றன: கம்பம், கம்பிகள், குடையின் விளிம்பு, அந்தக் கை.

வெள்ளிக்கிழமை அதைச் சந்திப்புக்கு எடுத்துப் போனேன். அக்கா அதே கம்பத்தடியில்தான் இருக்கிறாள், குடை மட்டும் புதிது. தாளை வாங்கிச் சீட்டுப் பலகையின் மேல் வைத்து நேரமெடுத்துப் பார்த்தாள். "எனக்க கையாக்கும் இது" என்றாள்.  மன்னிப்பு இதோ வருகிறது என்று முகத்தைக்கூடத் தயாராக வைத்துக்கொண்டேன். அவள் தாளைத் திருப்பித் தந்தாள்.

"இத எனக்கு எதுக்கு காட்டுதீரு? நான் இங்க இருக்கேண்ணு எனக்குத் தெரியாதா? மைனி பாக்கணும்ணாக்கும் அண்ணு கேட்டது. வெள்ளறடை வழி அம்பூரிக்கு ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு ஒரு பஸ் உண்டு. கொண்டு போய் காட்டும். ரோட்டுல வச்சு வரைஞ்சதுண்ணும் சொல்லும், அழிச்சது யாருண்ணும் சொல்லும்." அதற்குள் சீட்டு வாங்க ஆள் வந்துவிட்டது.

செயலாளரைக் கூப்பிட்டு, என் தென்னை பட்டுப்போய்விட்டது, வேறு பத்து உண்டே, போதும் என்றேன். நான்கு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன், இவ்வளவும் ஆகிவிட்டது. சூப்பிரண்டுக்கு எதிராக இதில் உள்ளதெல்லாம் உண்மை. ஆனால் அவர் தன் படத்தில் மட்டும்தான் தன் கையால் பூசினார், என் படத்தில் நான் பூசினேன்.

இன்று சனிக்கிழமை மாலை. படத்தை நாளிதழில் சுற்றி நாற்காலியில் வைத்திருக்கிறேன். அம்பூரியில் அந்தத் தங்க வளையல் மைனியின் வாசலில் நின்று என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. நீர்வண்ணப் படத்தை மழையில் எடுத்துக்கொண்டு போக முடியாது என்பது யாருக்கும் புரிகிற காரணம். அதனால் ஐந்து மணியிலிருந்து நான்கு முறை ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துவிட்டேன். ஒரு துண்டு மேகம் இல்லை. கூடத்துச் சுவரில், தென்னை நின்ற இடத்தில், ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது.