நாய்க்குப் போட்ட கையெழுத்து

தொண்ணூறுகளின் கடைசியில் கல்கத்தாவில் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் கர்ப்பப்பையில் சின்னக் கட்டி, ஓயாத உதிரப்போக்கு. கர்ப்பப்பையையே எடுத்துவிட டாக்டர் நாள் குறித்தார். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது என் கணவர். நான் ஹேண்ட்பேகைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அதே வாரம் எங்கள் நாய் ராணிக்குக் கர்ப்பப்பையில் சீழ் வைத்துவிட்டது. அலிப்பூரில் வங்காளி கால்நடை டாக்டரைத் துளைத்தெடுத்தேன். மயக்க மருந்தைத் தாங்குமா? மாத்திரையில் சரியாகாதா?

“அந்தக் கட்டம் தாண்டிடுச்சு பௌதி, எடுத்தாத்தான் பிழைக்கும்” என்று படிவத்தை நீட்டினார். பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி.

“அவர் வந்து போடட்டுமே.”

“நாய் உங்களோடதுதானே? நீங்களே போடுங்க.”

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடும்போதுதான் உறைத்தது. நாய்க்காகக் கேட்டதில் ஒன்றைக்கூட எனக்காக நான் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் என் டாக்டரிடம் கேட்டேன்.

“எல்லாம் உங்க ஹஸ்பெண்ட்கிட்ட சொல்லியாச்சே.”

“வயிறு என்னோடது. என்கிட்ட சொல்லுங்க.”

மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டேன்.

ராணி பிழைத்தாள். என் கட்டி மருந்துக்கு மசியவில்லை. இரண்டு வருடம் கழித்து எடுக்கத்தான் வேண்டியிருந்தது. “அன்னிக்கே எடுத்திருக்கலாம்” என்று அவர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார். சொல்லட்டும். எனக்கான இரண்டாவது படிவத்தில் இருப்பது என் கையெழுத்து.