பூண்டு மூட்டைகளோடு திரும்பியவர்

மதராசில் ஒரு விமானக் கம்பெனியில் கால அட்டவணை போடுவது என் வேலை. விமானம் பழுதானால் பயணிகளை வேறொன்றுக்கு மாற்றி அனுப்புவதும் நான்தான்.

அறுபதுகளில் ஒரு மழைக்காலம். மகனைக் கொடைக்கானல் பள்ளியில் விட்டுவிட்டு, மதுரையில் விமானம் பிடிக்கக் கிளம்பினேன். மறுநாள் மதராசில் மனைவிக்கு ஆபரேஷன். வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், சுற்றிலும் மூடுபனி.

சரிவுக்கு அப்பால் மேலே வரும் பஸ் நிற்பதாகக் கண்டக்டர் சொன்னார்.

"ஆட்களை மாத்திக்குவோம். அவங்க இதுல மேல போகட்டும், நாங்க அதுல இறங்குறோம்" என்றேன். இரண்டு டிரைவர்களும் ஒத்துக்கொண்டார்கள். எல்லோரும் சேற்றில் இறங்கினார்கள். என் பக்கத்து இருக்கைக்காரரான கவுஞ்சி என்ற மலைக்கிராமத்து விவசாயி மட்டும் அசையவில்லை.

"நீங்க வரலையா?"

"வருசப் பாடெல்லாம் பூண்டு மூட்டையா பஸ்ஸு மேல கெடக்குங்க. அதை விட்டுட்டு நான் எங்க வர? ஊருக்கே திரும்பிர்றேன். நீங்க வெரசா போங்க."

நான் சொன்ன வழியில் அவருக்கு இடமில்லை. அது தெரிந்தும் நான் போனேன்.

விமானம் கிடைத்தது. மனைவியும் பிழைத்தாள். அதன் பிறகு விமானம் ரத்தான நாட்களில், எத்தனை பேரை அனுப்பிவிட்டோம் என்று ஆபீசில் மற்றவர்கள் கேட்பார்கள். போக முடியாமல் நிற்பது யார் என்று நான் கேட்பேன்.