பயன்படாமல் கிடந்த பூங்கா

டாக்டர் தினமும் நடக்கச் சொல்லிவிட்டார். நடப்பதற்கென்று மாநகராட்சியே ஒரு பூங்கா கட்டி வைத்திருக்கிறது. உள்ளே போக டிக்கெட். வாசலில் ஒரு பலகை: புல்லில் நடக்காதீர், பூப் பறிக்காதீர், பந்து விளையாடாதீர், சாப்பாடு கொண்டுவராதீர், படுக்காதீர். அத்தனையையும் நின்று படித்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. மூச்சு விடுவதைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுதவில்லை. பலகையில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

ஒரு சுற்று நடந்துவிட்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். சாய்மானத்தில் ஏதோ எக்ஸ்போர்ட் கம்பெனியின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். முதுகை வைத்தவள் சட்டென்று நிமிர்ந்துகொண்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பெயர் எழுதிய பெஞ்சில் சாய்ந்தால் திட்டு விழும் என்று என் முதுகுக்கு ஒரு பழைய பழக்கம். கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். எப்படியும் டிக்கெட் வாங்கியாகிவிட்டது.

அறுபதுகளில் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். தைத்து வருகிற பனியனை விரித்துப் பார்த்து, பிசிர் இருந்தால் வெட்டி, ஓட்டை இருந்தால் ஒதுக்கி, மிச்சத்தை மடித்து அடுக்க வேண்டும். ஓட்டை கண்டுபிடிப்பதே தொழிலாக இருந்தவள் என்பதால்தான் இப்போதும் எதைப் பார்த்தாலும் குறை சொல்கிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். என் வீட்டுக்காரர் துணி வெளுக்கும் பட்டறையில் இருந்தார். தெருமுனையில் அவர் வரும்போதே ப்ளீச்சிங் பவுடர் வாசம் வீட்டுக்குள் வந்துவிடும். எங்கள் மகன் குமாருக்கு அப்பா என்றால் முதலில் அந்த வாசம்தான். அது மூக்கில் ஏறியதும் தூக்கத்திலேயே சிரிப்பான்.

இரண்டு பேர் சம்பளமும் இல்லாமல் குடும்பம் ஓடாது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. எங்களைப் போன்றவர்களுக்கு இருந்த ஒரே வழி கம்பெனிக்கு எதிரே இருந்த பூங்கா. பூங்கா என்பது முனிசிபாலிட்டி வைத்த பெயர். பாதி சாய்ந்த கம்பி வேலியும் ஒரு ரேடியோ மேடையும் உண்டு. நடுவில் ஊரையே கூப்பிட்டு உட்காரவைக்கலாம் போல ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் தாழ்ந்த கிளைகளில்தான் எங்கள் குழந்தைகளின் தூளிகள் தொங்கும்.

தூளி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் தவறாமல் ஒரு காரியம் செய்வார்கள். கம்பெனியில் கழித்துப்போட்ட பனியன் துணி சும்மா கிடைக்கிறதே என்று அதிலேயே தூளி கட்டிவிடுவார்கள். பனியன் துணி இழுத்த இழுப்புக்கு வருமில்லையா? காலையில் இடுப்பு உயரத்தில் கட்டிய தூளி மத்தியானம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். குழந்தை மண்ணில் புரண்டபடி நிம்மதியாகத் தூங்கும். நானும் கட்டினேன். கதீஜாக்காதான் அவிழ்த்துவிட்டுத் தன் பழைய புடவையைக் கட்டிக் கொடுத்தார்.

கதீஜாக்கா எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டரின் மனைவி. அவருக்கும் கைக்குழந்தை. மரத்தடியில் பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எல்லாத் தூளிகளையும் கயிறு கட்டி ஆட்டிக்கொண்டிருப்பார். "நீ போ அம்மிணி, அழுதான்னா நான் பாத்துக்கறேன்" என்பார். நாங்கள் ஆளுக்கொரு கரண்டிக் குழம்பு கொண்டுபோய் அவர் தட்டில் ஊற்றுவோம். அத்தனை வீட்டுக் குழம்பும் ஒன்றாகக் கலந்து என்ன ருசி ருசித்ததோ, அந்த மகராசி முகம் சுளித்ததே இல்லை. மத்தியானச் சங்கு ஊதியதும் தெருவைத் தாண்டி ஓடுவோம். குமார் என் காலடிச் சத்தத்துக்கே அழுகையைத் தொடங்கிவிடுவான். தூக்கி மடியில் போட்டதும் நிறுத்திவிடுவான்.

மரத்துக்கு மறுபக்கம் வேலியில் பனியன் துணி காயும். பெரியவர்கள் ரேடியோவில் செய்தி கேட்பார்கள். ஷிப்டு முடிந்தவர்கள் தூங்குவார்கள், சீட்டாடுகிறவர்கள் சண்டை போடுவார்கள், ஆடுகள் மேயும். இத்தனையும் ஒரே இடத்தில் நடந்துகொண்டிருந்தபோதுதான் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு ஒருநாள் ஞானம் பிறந்தது: இந்த இடம் பயன்படாமல் கிடக்கிறதே!

உடனே அதைக் குழந்தைகள் பூங்காவாக மாற்ற ஒரு கமிட்டி போட்டார்கள். அதற்கு எங்கள் முதலாளிதான் தலைவர். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. வேலைக்காரர்கள் அத்தனை பேரையும் பெயர் சொல்லி விசாரிப்பார். அவர் பெங்களூருக்குப் போய் அங்கே ஒரு பூங்காவைப் பார்த்துவிட்டு வந்ததுதான் வினையாகப் போயிற்று. கம்பெனியில் எல்லாரிடமும் சொன்னார்: "பூங்கான்னா அதுதானுங்க பூங்கா. உள்ளே ஒரு மனுசனைக் காணமுங்க. அத்தனை சுத்தம்!"

முதல் வேலையாகத் தன் தகப்பனார் நினைவாக ஒரு சிமெண்ட் பெஞ்சு போட்டார். சாய்மானத்தில் தகப்பனாரின் முழுப்பெயர், ஊர்ப்பெயர், கீழே உபயம் என்று தன் பெயர். அடுத்த கம்பெனிக்காரர் சும்மா இருப்பாரா? அவர் இரண்டு பெஞ்சு போட்டார். நூல் வியாபாரி அவரைவிடப் பெரிதாக ஒன்று போட்டார். கொஞ்ச நாளில் நடக்க இடமில்லாமல் பெஞ்சுகள் நிறைந்தன. காவலுக்கு ஒரு வாட்ச்மேன் வந்தான். யாராவது பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டால் போதும், ஓடி வருவான். "அய்யா பேரு மேல முதுகை வெக்கறியே, எந்திரி!" அவன் சொல்லாவிட்டாலும் எங்களுக்கே கூச்சம்தான். கூலி கொடுக்கிறவருடைய அப்பாவின் பெயர்மேல் எப்படிச் சாய்வது? எல்லாரும் பெஞ்சுகளுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்துகொண்டோம். பெஞ்சில் பெயர்கள் மட்டும் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன.

ஆனால் காக்கைகளுக்கு வாட்ச்மேனைக் கண்டு பயமில்லை. மரத்தில் உட்கார்ந்துகொண்டு முதலாளியின் தகப்பனார் பெயர்மேலேயே தினமும் எச்சமிட்டன. அமாவாசைக்கு அமாவாசை சோறு வைத்து வா வா என்று கூப்பிடுகிற காக்கை, கூப்பிடாமலே தன் பெயரைத் தேடி வந்திருக்கிறதே என்று முதலாளி சந்தோஷப்பட்டிருக்கலாம். அவர் படவில்லை. கமிட்டி கூடியது. மரத்தின் கிளைகளை எல்லாம் வெட்டிவிடுவது என்று முடிவாயிற்று.

நாங்கள் நாலைந்து பேர் முதலாளியைப் பார்க்கப் போனோம். என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள்.

"ஏனுங்க, நாங்க தூளி கட்டற கெளைங்க அது. கொழந்தைகள எங்கீங்க போடறது?"

"ஒரு வாரம் பொறுத்துக்குங்க அம்மிணி. தெறப்பு விழா முடியட்டும். கொழந்தைகளுக்காகத்தானே இத்தனையும் பண்றமுங்க?"

அவர் அதை மனதார நம்பித்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கிளைகள் போயின. குழந்தைகளைக் கம்பெனி குடோனில் பனியன் மூட்டைகளின்மேல் போட்டுவைத்தோம். பஞ்சுத் தூசியில் எல்லாம் இருமின. திறப்பு விழாவுக்கு வெளியூரிலிருந்து ஒரு பெரியவரை அழைத்திருந்தார்கள். ரிப்பன் வெட்டினார். புதிதாகப் போட்ட சறுக்கு மரத்தையும் ஊஞ்சலையும் பார்த்தார். பிறகு மைக்கிலேயே கேட்டுவிட்டார், "எல்லாம் சரி, குழந்தைகள் எங்கே?"

பூங்காவில் குழந்தை வேண்டும் என்பது கமிட்டியில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. எங்கள் மேனேஜர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடோனுக்கு ஓடி வந்தார். "அம்மிணி, உன்ற பையனைச் சித்தெ குடு. போட்டோ புடிச்சதும் கொண்டாந்து தந்தர்றேன்!" கதீஜாக்கா ஒரு பனியன் துணியை நனைத்து வரிசையாக எல்லா முகங்களையும் துடைத்து அனுப்பினார். பெரியவர் குமாரைத்தான் தூக்கிக்கொண்டார். அவன் வீறிட்டான், அவர் சிரித்தார், போட்டோக்காரர் எடுத்தார். 'குழந்தைகள் பூங்கா' என்ற பலகையின் கீழே என் மகன் அழுகிற அந்தப் படம் வெகுநாள் கம்பெனி ஆபீசில் தொங்கியது.

மறுநாள் காலையில் குமாரோடு பூங்காவுக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தானுங்க தொறப்பு" என்றான் வாட்ச்மேன். "பகல்ல இங்க யாரு வரப்போறாங்க?"

"நேத்துப் போட்டோ புடிச்சாங்களே, அது இவந்தானுங்க."

அவன் குழந்தையை உற்றுப் பார்த்தான். "ஆமா, இவனேதான்" என்று ஒப்புக்கொண்டான். "பொழுதோட கூட்டிட்டு வாங்க."

கதீஜாக்கா தன் வீட்டில் கொண்டுவந்து போடச் சொன்னார். ஒற்றை அறை வீடு. இத்தனை குழந்தைகள் அழுதால் வீட்டுச் சொந்தக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்? ஒவ்வொரு பெண்ணாக வேலையை விட்டார்கள். எனக்கு விட வழியில்லை. குமாரைப் பொங்கலூரில் என் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அண்ணிக்குக் குழந்தை இல்லை. இதைச் சொன்னால் மீதியை நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் பொங்கலூர் பஸ் ஏறுவேன். ஞாயிற்றுக்கிழமை இரவு திரும்பிவிடுவேன். அவன் நடக்கப் பழகி, பேசவும் பழகிவிட்டான். ஒரு சனிக்கிழமை நான் வாசலில் நுழைந்ததும் "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். நான் பையைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினேன். என்னைத் தாண்டி, மாட்டுத் தொழுவத்தில் நின்ற அண்ணியிடம் ஓடினான். "அம்மா, திருப்பூர்க்காரங்க வந்துட்டாங்கோ!" அண்ணி தவித்துப்போய்விட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் அழுதேன். பள்ளிக்கூட வயதில் அழைத்து வந்து பார்த்தோம். காய்ச்சலில் விழும் அளவுக்கு ஏங்கிப்போனான். திரும்பக் கொண்டுபோய் விட்டோம்.

பூங்கா என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நிழல் இல்லை. பகலில் பூட்டு, சாயங்காலம் கொதிக்கிற சிமெண்ட். யாரும் போகவில்லை. மொட்டையாக நின்ற மரமும் ஒரு காற்றில் சாய்ந்துவிட்டது. சில வருஷம் கழித்து வேறொரு கமிட்டி வந்து பார்த்து, இடம் பயன்படாமல் கிடக்கிறது என்று சொன்னது. இந்தத் தடவை உண்மையைத்தான் சொன்னார்கள். கடைகள் கட்டி வாடகைக்கு விட்டார்கள். குழந்தைகள் பூங்கா என்று கேட்டால் இப்போது அந்தக் கடைக்காரர்களுக்கே தெரியாது. கதீஜாக்கா ஊரைவிட்டுப் போய் எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ, அதுவும் தெரியாது.

போன தை மாதம் அண்ணி போய்ச் சேர்ந்தார். தகவல் வந்து நான் பொங்கலூர் போய் இறங்கியபோது, தலை நரைத்த குமார் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தான். அப்படி அவன் அழுது நான் கேட்டது தூளியில் கிடந்த காலத்தில்தான். பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்தேன். திரும்பிப் பார்த்தான். அழுகை நின்றுவிட்டது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, எனக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டான்.

"உக்காருங்க. பஸ்ஸு ஒடனே கெடச்சுதுங்களா?"