பாறையடியில் ஏழு பேர்ச்

பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்து வரிசை வீட்டு மக்களுக்கு, குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டும் அளவாக ஏழு பேர்ச் காணி அளந்து கொடுத்தபோது, கண்டியிலிருந்து போன குழுவில் நான் கோல் பிடிப்பவன். கோலின் தலையில் செயற்கைக்கோள்களை வைத்து இடத்தை அளக்கும் பெட்டி இருக்கும். அதைவிடப் பெரிய வேலை, எங்கள் நில அளவையாளர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வது. நல்ல செய்தி என்றால் அவருக்கே தமிழ் வந்துவிடும். கெட்ட செய்திக்குத்தான் என்னைத் தேடுவார்.

கடைசிக் காணி ஒரு பெரிய பாறைக்கு அடியில். கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா அங்கே சமைக்கவென்று தன் கையாலேயே ஒரு குசினி கட்டியிருந்தார். காலையில் அளந்தபோது குசினி காணிக்குள் விழுந்தது. மூலையில் எல்லைக்கட்டை அடித்ததும் அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் கொளுத்திக் கும்பிட்டார். அவர் குடும்பத்தில் யாருக்கும் அதற்கு முன் சொந்த மண் இருந்ததில்லை.

மத்தியானம் சரிபார்க்கப் போனால் மூலை இரண்டு எட்டு உள்ளே தள்ளிக் காட்டியது. குசினி இப்போது வெளியே, தேயிலைப் பக்கம். அங்கே நிற்பதைத் தோட்ட நிர்வாகம் விட்டுவைக்காது.

"எது தம்பி உண்மை?" என்று அக்கா கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. சமிக்ஞை வானத்திலிருந்து வந்துசேர எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் பெட்டி தூரத்தைக் கணக்கிடுகிறது. பாறையில் பட்டுத் திரும்பி வருவது சற்றுப் பிந்தும். பெட்டிக்கு அது எங்கே தெரியும்? தூரம்தான் கூட என்று நம்பிவிடும். செயற்கைக்கோள்கள் நகர நகரப் பிழையும் மாறும். காலை அளவும் பொய்யாக இருக்கலாம், மத்தியான அளவும் பொய்யாக இருக்கலாம். வெட்டவெளியில் நின்று வேறு கருவியால் பாறையடிவரை அளந்து வந்தால் தெரிந்துவிடும். அந்தக் கருவி பழுதாகி, அலுவலக அலுமாரிக்குள் கிடந்து வருடக்கணக்காகிறது.

இதையெல்லாம் நில அளவையாளர் மாத்தயாவிடம் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மத்தியானம்தான் அதிகச் செயற்கைக்கோள்கள் தெரிந்தன, அந்த அளவுதான் செல்லும் என்றார். அவரைத் திட்டி என்ன செய்ய? படிவத்தில் பாறைக்கென்று ஒரு கட்டம்கூட இல்லை. மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

கட்டையைப் பிடுங்கியது நான்தான். "சாமி கும்பிட்டத புடுங்காதீங்க தம்பி" என்று அக்கா சொல்லச் சொல்லப் பிடுங்கினேன். கை கூசியது. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

புதிய இடத்தில் அடித்து முடித்துத் திரும்பினால், அவர் குசினிக்குள் குனிந்து அடுப்புக் கற்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"அவசரப்படாதீங்க அக்கா. ஆட்சேபணை குடுக்கலாம், நானே எழுதித் தாரேன். மறுபடி அளந்து பாக்கச் சொல்லலாம்" என்றேன்.

கையிலிருந்த கல்லை இறக்கி வைத்துவிட்டு, என் தோளில் சாய்ந்திருந்த கோலை அண்ணாந்து பார்த்தார்.

"மறுபடியும் இந்தப் பெட்டியத்தானே தம்பி கொண்டு வருவீங்க?"

"ஆமாங்க அக்கா" என்றேன்.