சைக்கிளுக்குப் பூசை போட்ட மறுநாள்

கடலூரில் பிள்ளைகளுக்கு மலை சைக்கிள் பழக்குகிறார்கள் என்று சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். முதுநகரில் என் தையல் கடைக்கு ரவிக்கை கொடுக்க வந்த ஒரு அம்மா, "கடல் இருக்கற ஊருல படகு ஓட்டச் சொல்லித் தரலாம். இது இன்னாம்மா, மொட்டத் தலைக்குப் பூ வாங்கறாப்புல இருக்குது" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். நல்ல பேச்சு எனக்குச் சர்க்கரை மாதிரி. அது என்னையே குத்தினாலும் விடமாட்டேன், எடுத்து வைத்துக்கொள்வேன்.

ஆனாலும் எங்களுக்குக் கேப்பர் மலை இருக்கிறது. மலை என்று பேர்தான். முந்திரித் தோப்புகளுக்கு நடுவே செம்மண் மேடு. மழைத் தண்ணீர் அறுத்து அறுத்து அதில் ஓடைகள் விழுந்திருக்கும். அந்த ஓடைச் சரிவுகளில்தான் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி. சொல்லிக்கொடுக்கும் பெண் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். பிள்ளைகளுக்கு மிஸ். நின்றுகொண்டே மிதிப்பது, இறங்கும்போது இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளுவது, வளைவில் தோளைத் திருப்புவது என்று ஒவ்வொன்றாகப் பழக்குவார். "கண்ணு எங்கயோ சக்கரம் அங்க" என்பது அவர் வாய்ப்பாடு. அதையும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

என் மகளுக்கு எல்லாம் வந்தது, பெரிய சரிவு மட்டும் வரவில்லை. விளிம்பு வரைக்கும் போவாள், அங்கே காலை ஊன்றிவிடுவாள். கூடப் பழகின பிள்ளைகள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அந்தச் சரிவில் இறங்கி, கீழே போட்டிருக்கும் சுண்ணாம்புக் கோட்டில் நிற்கத் தெரிந்தவர்களைத்தான் நிஜ மலையில் ஓட்ட ஏலகிரிக்கு அழைத்துப் போவேன் என்று மிஸ் சொல்லிவிட்டார். விஜயதசமி அன்று காலை கடைசியாக ஒருமுறை பார்ப்பதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூசை. புவனகிரியில் என் தம்பிக்கு மாவு மில் இருக்கிறது. வருசாவருசம் எங்களுக்குப் பூசை அங்கேதான்.

"மெஷினுக்கெல்லாம் பொட்டு வெக்கறேன், என் மருமவ சைக்கிளுக்கு வெக்கலன்னா எப்பிடி? எடுத்துக்கினு வா க்கா" என்று தம்பி போனில் சொல்லிவிட்டான். போய் இறங்கியதும் அவனே தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுச் சைக்கிளைத் தலை முதல் கால் வரை பளபளவென்று துடைத்தான். இரண்டு சக்கரத்திலும் வட்டமாக எஃகுத் தட்டு இருக்கும் இல்லையா, அது அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"பாரு க்கா, மொகம் மாதிரியே இருக்குது" என்று சொல்லி, அதையும் எண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனத்தை வளைத்துப் பூசி, குங்குமம் வைத்தான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மகள் அப்போது உள்ளே பொரி அள்ளிக்கொண்டிருந்தாள்.

பூசையில் வைத்ததை அன்றைக்கு எடுத்து ஓட்டக்கூடாது. அதனால் சைக்கிள் ராத்திரி முழுக்க மெஷின்களோடு மில்லிலேயே நின்றது. காலையில் தம்பி அதை லோடு வண்டியில் ஏற்றி, எங்களையும் கூட்டிக்கொண்டு நேரே மலைக்கு வந்தான். கூட்டாளிகள் கலாய்ப்பார்கள் என்று மகள் அவசர அவசரமாகச் சந்தனத்தைத் துடைத்துவிட்டாள். மிஸ் வழக்கம்போல இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்தார். கைக்குக் கெட்டியாகத்தான் இருந்தது.

மகள் மேலே ஏறி நின்றாள். நான் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊன்றவில்லை, சரிவில் இறங்கிவிட்டாள். எனக்கு வந்த சந்தோசம் ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. சக்கரத்திலிருந்து ஊளைச் சத்தம் கிளம்பியது.

"மிஸ், பிரேக் புடிக்கல!"

பயத்தில் கத்துகிறாள் என்று நான் நினைத்தேன். மிஸ்ஸும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "ரெண்டையும் சேத்துப் புடி" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். சைக்கிள் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் போயே போய்விட்டது. நேர் எதிரே முந்திரி மரங்கள்.

அவள் மரத்தைப் பார்க்கவில்லை. தலை இடப்பக்கம் திரும்பியது, தோள் திரும்பியது, இடுப்பு பின்னால் போனது. சைக்கிள் ஓடையின் எதிர்க்கரையில் ஏறி, பாதி மேட்டில் வேகம் செத்துச் சாய்ந்தது. அவள் காலை ஊன்றி நின்றாள். ஒரு கீறல்கூட இல்லை.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அழ ஆரம்பித்திருந்தாள். "நான் பயந்துக்கினு சொல்லல மிஸ். நெஜமாவே புடிக்கல."

மிஸ் சக்கரத்தில் பிரேக் கவ்விப் பிடிக்கும் அந்தத் தட்டைத் தொட்டார். விரலை மோந்து பார்த்தார். "அக்கா, இது தேங்கா எண்ணெ வாசன."

எல்லோரும் என் தம்பியைப் பார்த்தோம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை அவன் முகத்தில் எழுதியிருந்தது.

"அது பிரேக்குனு எனக்கு எப்பிடித் தெரியும்? மில்லுல எல்லாத்துக்கும் எண்ணெ போடுவோம், நிக்காம ஓடும்" என்றான், குரல் உள்ளே போய்.

"ஓடுச்சு மாமா. நிக்காமத்தான் ஓடுச்சு" என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. மிஸ்தான் முதலில் சிரித்தார். பிறகு நான். கடைசியில் அவளும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனால் சிரிக்காமல் என்ன செய்வது?

மிஸ் தன் பையிலிருந்து புது பிரேக் பேட் எடுத்து மாட்டினார். தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். சமதளத்தில் மகளை ஓட்டச் சொல்லி, நிறுத்தச் சொல்லி, மறுபடி ஓட்டச் சொல்லி, சத்தம் அடங்கும் வரை விடவில்லை.

"இன்னிக்கு இது போதும். பிரேக் இருந்தா யாரும் நிப்பாங்க. இல்லாதப்ப எங்க போவணும்னு பாத்த பாரு, அதான் எனக்கு வேணும். நீ ஏலகிரிக்கு வர்ற."

மகள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "ஒருவாட்டி கோட்டுல நின்னுட்டு வந்துர்றேன் மிஸ்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போய்விட்டாள். நான் செம்மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் தம்பி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். இறங்கும் சத்தம் கேட்டது. கல் உருண்டது. பிறகு ஒன்றும் இல்லை.

"நின்னுட்டாளா க்கா?"

"நின்னுட்டா. கோட்டு மேலயே. கையெடுத்துட்டுப் பாருடா."

அவன் ஒரு கையை மட்டும் எடுத்தான்.